உறங்குமுன் அணைக்க வேண்டிய நெருப்பு



கடந்த ஷஃபான் மாதத்தில் ஒரு காலை நேரம். சவூதியில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் என் தங்கையின் கணவர், தாம் புதிதாக வாங்கிய மின்சாரக் காரை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என் உம்மாவுக்கு வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. திருநெல்வேலியில் உள்ள கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பனவடலிசத்திரத்திலிருந்து தேவர்குளம், மானூர் வழியாகப் பேருந்தில் போய், இறங்கி, மறுபடி ஆட்டோ பிடித்து, வயதான பெண்மணி சிரமப்பட வேண்டாமே என்றுதான் அவர் அதிகாலையிலேயே வந்திருந்தார்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "இந்த வண்டியில உம்மாவ ஏத்த மாட்டேன் மச்சான். பேட்டரி வண்டி எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றேன். பக்கத்து வீட்டார் இருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். மச்சான் எதுவும் பேசவில்லை. "சரி மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திருப்பி ஓட்டிச் சென்றார். அந்த வண்டிக்குச் சத்தமில்லை. அவர் போனது தெருவுக்கே தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. நானும் உம்மாவும் எட்டரை மணிப் பேருந்தில் போனோம்.

அன்று நான் பேசியதற்கு ஆதாரம் என்ன? கைபேசியில் வந்த ஒரு காணொளி. பல மாடி வாகன நிறுத்தகம் ஒன்று கொழுந்துவிட்டு எரிகிறது. மின்சாரக் கார் ஒன்றால் இத்தனை கார்களும் சாம்பலாயின என்று கீழே எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்து அஞ்சியதோடு நிற்கவில்லை. நம் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பிவைத்தேன். ஹஸ்ரத் அனுப்பியது என்பதால் பலர் அதை மேலும் பலருக்கு அனுப்பினார்கள்.

பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்த உம்மா, தேவர்குளம் தாண்டியதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ராத்திரி பூரா என் தலமாட்டுல ஒரு பச்ச லைட்டு எரியுதே வாப்பா, அதுவும் அந்தக் கரண்டு வண்டியோட சாமான்தானே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மூத்த மகன் சங்கரன்கோவிலில் கல்லூரிக்குப் போய்வர, ஓராண்டுக்கு முன் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். இரவு அதை வீட்டின் நடையில் ஏற்றி, சார்ஜ் போட்டுவிட்டுத்தான் உறங்குவான். நடையை ஒட்டிய அறையில்தான் உம்மாவின் கட்டில். வீட்டுக்கு வாசல் ஒன்றே. அந்த வாசலுக்கும் எங்களுக்கும் இடையில் ஸ்கூட்டர். கார் என்றால் எனக்கு அது பெரிய பொருளாக, புதிய பொருளாக, அச்சத்துக்குரியதாகத் தெரிந்தது. ஸ்கூட்டரோ மிக்ஸியையும் மோட்டாரையும் போல ஒரு வீட்டுச் சாமானாகிவிட்டது. பழகிய பொருளை மனிதன் அஞ்சுவதில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு, மதரஸா விட்ட மாலை நேரங்களில் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சங்கரன்கோவிலில் வாகன மின்பணி செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் பல மாலைகளில் பொறுமையாக விளக்கினார். நான் மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்றவன். பொறியியல் அறிந்தவன் அல்லன். விளங்கிக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணொளி. அது இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலைய வாகன நிறுத்தகம். 2023 அக்டோபர் 10 அன்று இரவு அங்கு தீப்பற்றி, 1,400க்கும் மேற்பட்ட வாகனங்கள் அழிந்தன, கட்டடமும் இடிந்தது. ஆனால் தீ தொடங்கியது ஒரு டீசல் காரில் என்று அப்பகுதித் தீயணைப்புத் துறையே அறிவித்தது. மின்சாரக் கார் என்பது, எரிந்துகொண்டிருக்கும்போதே எவரோ கிளப்பிவிட்ட கதை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை, செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்ற கட்டளையை, நான் எத்தனை முறை பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன்! குழுவில் திருத்தம் எழுதினேன். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் பகிர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். இருவர்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் முற்றிலும் மறந்துவிட்டிருந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மறந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

பதினேழு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊர் மதரஸாவில் உதவி ஆசிரியராக இருந்தேன். கிராஅத் போட்டிக்காக ஒன்பது பிள்ளைகளை ஒரு ஆம்னி வேனில் கடையநல்லூருக்கு அழைத்துச் சென்றோம். ஆம்னியில் என்ஜின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருக்கும். ஓட்டுநர் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பார். பாதி வழியில் பெட்ரோல் வாடை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஓட்டுநர். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம்; அவர் காலடியிலிருந்து புகை வந்தது. வண்டி நின்றது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தப் பாதி இடைவெளியில் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டோம். கடைசிப் பையனின் தொப்பி உள்ளே விழுந்துவிட்டது என்று அவன் திரும்பிப் போகப் பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கிழிந்தது. நாங்கள் நாற்பதடி ஓடியிருக்க மாட்டோம், வேன் முழுவதும் பற்றிக்கொண்டது. அல்ஹம்து லில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. தேய்ந்த ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து சூடான என்ஜினில் விழுந்திருக்கிறது என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

அன்று எவரும் பெட்ரோல் வண்டியே ஆபத்து என்று சொல்லவில்லை. குழாய் தேய்ந்தது, வண்டி பழையது, அல்லாஹ் காப்பாற்றினான் என்றார்கள். அடுத்த மாதமே இன்னொரு பழைய ஆம்னியில் ஏறினேன். பெட்ரோல் எரிந்தால் அது வண்டியின் குறை. பேட்டரி எரிந்தால் அந்த இனமே குற்றவாளி. என் தராசு இப்படித்தான் இருந்திருக்கிறது.

பெட்ரோல் எளிய பொருள் அன்று. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்திலுள்ள பொறியைத் தேடிப் போகும். 2023 பிப்ரவரி 2 அன்று கேரளத்தின் கண்ணூரில் பிரசவத்துக்காக மருத்துவமனை சென்றுகொண்டிருந்த பெண்ணும் அவர் கணவரும் ஓடும் காரில் தீப்பற்றி இறந்தார்கள். பின்னிருக்கையில் இருந்த நால்வர் தப்பினர், முன்கதவு திறக்கவில்லை. 2017 மார்ச் 18 அன்று சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் கார்ப் பந்தய வீரர் அஸ்வின் சுந்தரும் அவர் மனைவியும் மரத்தில் மோதிய காருக்குள் சிக்கி எரிந்து இறந்தார்கள். இவை மின்சாரக் கார்கள் அல்ல.

சுவீடன் நாட்டின் குடிமைப் பாதுகாப்பு முகமை வாகனத் தீ விபத்துகளை எண்ணி வைக்கிறது. 2022ஆம் ஆண்டில் அங்கு மின்சார, ஹைப்ரிட் கார்கள் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 4 எரிந்தன. எல்லாக் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு 68. இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. அங்கு மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதியவை, மற்றவற்றில் பழையவை அதிகம். வேண்டுமென்றே கொளுத்தப்பட்டவையும் அதில் உண்டு. சுவீடனின் குளிர் வேறு, நம் பக்கத்துச் சித்திரை வெயில் வேறு. ஆயினும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, மின்சாரக் கார்தான் அதிகம் எரிகிறது என்று வாசற்படியில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. நம் நாட்டில் 2022 ஜூன் மாதம் மும்பையை அடுத்த வசாயில் ஒரு நெக்ஸான் மின்சாரக் கார் எரிந்தது பெரிய செய்தியானது. அதுவரை அவ்வகைக் கார்கள் 30,000க்கு மேல் விற்றிருந்தன என்றும், இது முதல் நிகழ்வு என்றும் அந்நிறுவனம் கூறியது. அதில் எவருக்கும் காயமில்லை.

ஆனால் பேட்டரித் தீ வேறு குணம் உடையது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பாதிச் செய்தி பரப்பியவன் ஆவேன். ஒரு லித்தியம் பேட்டரிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், சிறுசிறு செல்கள் இருக்கும். அடிபட்டோ, தயாரிப்புக் குறையாலோ, அளவுக்கு மிஞ்சி மின்னேற்றியதாலோ ஒரு செல் உள்ளேயே சூடானால், அந்தச் சூடு அதன் வேதிப்பொருளைச் சிதைத்து மேலும் சூட்டை உண்டாக்கும். அது அடுத்த செல்லைச் சுடும். வரிசையாகச் சாய்த்த சீட்டுக்கட்டைப் போல. அப்போது வரும் வாயு எரியக்கூடியது, நச்சும் கூட. அணைத்துவிட்டோம் என்று நினைத்த பின், சில மணி நேரம், சிலபோது சில நாள் கழித்தும் மீண்டும் பற்றும். அதனால்தான் நிறையத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். ஐரோப்பாவில் எரிந்த காரைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இறக்கிவைப்பதும் உண்டு. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில், சார்ஜ் கூடப் போடாமல் நின்றிருந்த ஒரு மின்சாரக் கார் பற்றி, சுற்றிலும் நின்ற வாகனங்களை நாசமாக்கியது. அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்தும், பணியில் இருந்தவர் அதன் இயக்கத்தை நிறுத்திவிட்டிருந்தார். செல்களின் வகையிலும் வேறுபாடு உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, நிக்கல் சேர்ந்த வகையைவிட அதிக வெப்பம் தாங்கும். மச்சானின் கார் எவ்வகை என்று என் மாணவரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் வகை என்றார். அதைக் கேட்ட பிறகும் மச்சான் வீட்டுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் உண்மையில் அஞ்ச வேண்டியது எங்கே இருந்தது என்பதை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதமே நமக்குச் சொல்லியிருக்கிறது. மார்ச் 25 இரவு, வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு தந்தை அப்போதுதான் வாங்கிய மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தம் 13 வயது மகளுடன் உறங்கினார். நள்ளிரவில் அது பற்றியது. இருவரும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், புகையில். அடுத்த சில நாட்களில் மணப்பாறையிலும் சென்னை அருகிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், கழற்றி எடுத்த பேட்டரியைக் கூடத்தில் சார்ஜ் போட்டிருந்த வீட்டில் 80 வயது முதியவர் ஒருவரும், விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் போட்டிருந்த வீட்டில் நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் ஒருவரும் இறந்தனர். அந்த மாதத்தில் ஒக்கினாவா நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தன. பிறகு அரசு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது, ஏ.ஐ.எஸ். 156 என்ற தரத்தின் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் சூடாகத் தொடங்கினால் ஓட்டுபவரை எச்சரிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. என் மகனின் ஸ்கூட்டர் அதற்குப் பிந்தியது. ஆனால் எச்சரிக்கை ஒலி உறங்குகிறவனை எழுப்பி, ஒற்றை வாசலை மறித்த நெருப்பைத் தாண்ட வைக்குமா?

வேலூர், நிஜாமாபாத், விஜயவாடா மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த இரவில், நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நடத்தும் பாடம் ஒன்று என்னை எதிர்த்து நின்றது. உறங்கும்போது வீடுகளில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தோரோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, ஆகவே உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டும் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளவை. ஜாபிர் (ரலி) அறிவிப்பில் காரணமும் வருகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும்.

இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்), தடைக்குக் காரணம் தீ பரவும் அச்சம்தான் என்று கொண்டு, பள்ளிவாசல்களில் உயரத்தில் தொங்கும் விளக்குகளைப் போலப் பத்திரமானவை இதில் அடங்கா என்கிறார்கள். அச்சமிருந்தால் அவையும் அடங்கும். ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்கள் அவர்கள். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நான் மண்ணெண்ணெய் விளக்கையும் கொசுவர்த்தியையும் கேஸ் அடுப்பையும் உதாரணம் சொல்வேன். நடையில் பச்சை விளக்கோடு நின்ற ஸ்கூட்டரை ஒரு முறையும் சொன்னதில்லை. எலி இல்லாத வீடும் அன்று எங்களுடையது. சார்ஜர் வயரைச் சுண்டெலி கடித்து இருமுறை ஒட்டுப்போட்டிருக்கிறோம்.

அன்றிரவே ஸ்கூட்டரை வெளியே தள்ளினேன். மறுவாரம் முற்றத்தில் வேப்பமரத்தடியில், கதவுக்கும் சன்னலுக்கும் எட்டி, தகரக் கூரை ஒன்று போட்டு, எர்த் இணைப்போடு தனி பிளக் பாயின்ட் வைத்தோம். நீட்டிப்பு வயரை வேண்டாம் என்று என் மாணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இழுக்கிற கரண்டை அது தாங்காமல் சூடேறும். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். வெயிலில் ஓடி வந்த சூடு ஆறிய பிறகே சார்ஜ். மகன் அஸருக்குப் பின் போட்டு இஷாவுக்குள் எடுத்துவிடுகிறான். முதலில் முணுமுணுத்தான். "காலையில அறுபது சதவீதம்தான் காட்டுது வாப்பா" என்றான். அறுபது சதவீதத்தில் சங்கரன்கோவில் போய்த் திரும்பலாம்.

சுத்தம் செய்தபோது இன்னொன்றும் கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பின்னால், இரண்டு குடிநீர் பாட்டில்களில் பெட்ரோல். என் பழைய பைக்குக்காக, ஃபஜ்ருக்குப் புறப்படும்போது தீர்ந்துவிட்டால் உதவட்டுமே என்று நானே வாங்கி வைத்தது. ஒன்றின் மூடி சரியாக மூடப்படவில்லை. மூன்றடி தூரத்தில் சார்ஜர் இருந்திருக்கிறது. மின்சாரத்துக்கு அஞ்சிய நான் என் கையாலேயே பெட்ரோலையும் அதன் பக்கத்தில் வைத்து, இடையில் உம்மாவை உறங்கவும் வைத்திருக்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது. எழுதுவதற்குக் காரணம், நம் மஹல்லாவில் எத்தனை படிக்கட்டுகளுக்குக் கீழே அந்தப் பாட்டில்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், கடனாக வாங்கியிருக்கிறேனே.

மாணவர் சொன்னவற்றில் குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. எந்த வண்டியானாலும் வாடையோ புகையோ வந்தால் அடுத்த ஊர் வரை போகலாம் என்று எண்ணாமல் நிறுத்தி இறங்குங்கள், பொருள்களுக்காகத் திரும்பாதீர்கள். பானட்டைத் திறந்து பார்க்க வேண்டாம், காற்றுப் பட்டால் தீ மூளும். பேட்டரிப் பெட்டியிலிருந்து சீறும் ஒலியோ வெண்புகையோ வந்தால், அது நீராவி போலத்தான் தெரியும், கிட்டே போகாமல் காற்று வீசும் எதிர்ப்பக்கமாக விலகி 101 அல்லது 112ஐ அழையுங்கள். அழைக்கும்போதே மின்சார வண்டி என்று சொல்லிவிடுங்கள். சங்கரன்கோவிலிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் வீரம் காட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் தீயில் வாளித் தண்ணீரை ஊற்றக்கூடாது. எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும்.

மச்சான் வீட்டுக்கு ரமளானின் முதல் வாரத்தில் போனேன். அறுவை சிகிச்சைக்குப் பின் உம்மாவின் மறுபரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். நோன்பு திறந்து, மஃக்ரிப் தொழுதுவிட்டு, "அன்னைக்கு நான் வாசல்ல வச்சுப் பேசினது தப்பு மச்சான். மன்னிச்சிடுங்க. உம்மாவ நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். அவர் வாயில் பேரீச்சம்பழம் இருந்தது. மென்று முடித்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்து நின்றது. உம்மா பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து, புதுக்கண்ணால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டி, காற்றாலைகள் சுழலும் வெளியில் போய்க்கொண்டிருந்தபோது, "ஏன் மருமவனே, இன்னும் வண்டிய ஸ்டார்ட் பண்ணலியா?" என்றார்கள்.

மச்சான் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பெல்ட்டப் போடுங்க மச்சான்" என்றார்.